யாரை நம்பி வேலையைக் கொடுப்பது?

கூகுளில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய பட்டறை வேறு, கம்பெனி கேட்டுக்குள் பெயர் வாங்கிய பட்டறை வேறு. ஓசூர் இதை எப்போதோ தெரிந்துகொண்டது.

ஓசூரில் ஒரு பல்சக்கரத்தைக் கடைந்து தர ஆள் வேண்டும் என்று போனில் தேடுங்கள். அரை நிமிடத்தில் பெயர்கள் வரிசையாக வந்து விழும். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் நட்சத்திரங்கள், 4.7, 4.8, 4.9. அதே சக்கரத்தை ஹீட் ட்ரீட்மென்ட் செய்து தர ஆள் தேடுங்கள். அப்போதும் 4.7, 4.8, 4.9தான். திரையில் இரண்டு பட்டியலும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் முதல் பட்டியலைப் பார்த்து வேலை கொடுக்கத் துணிகிறவர்கூட இரண்டாவதைப் பார்த்துக் கொடுக்க மாட்டார். கொடுத்தால், அவர் தொழிலுக்குப் புதியவர்.

காரணம் இரும்புக்குள் இருக்கிறது.

கடைசல் வேலையில் தப்பு நடந்தால் மைக்ரோமீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். டிராயிங்கில் 25 மில்லிமீட்டர், கூடக்குறைய 20 மைக்ரான் என்று போட்டிருந்தால், பொருள் வந்து இறங்கிய அன்றே அளந்து பார்த்து சிவப்பு டேக் கட்டித் திருப்பி அனுப்பிவிடலாம். கேஸ் ஹார்டனிங் அப்படியில்லை. சக்கரத்தை உலையில் 900 டிகிரிக்கு மேல் சூடாக்கி, கார்பன் நிறைந்த வாயுவில் மணிக்கணக்கில் வைத்திருந்து, எண்ணெயில் அமிழ்த்தி எடுப்பார்கள். மேல்தோல் கல்லாக இறுகும். உள்ளே இருக்கும் இரும்பு அடி தாங்கும் பதத்தில் இருக்கும். மேல்தோலின் இறுக்கத்தை ராக்வெல் மிஷினில் வைத்துப் பார்த்துவிடலாம். 58-லிருந்து 62-க்குள் காட்டினால் சரி. ஆனால், இறுகிய அந்தத் தோல் எத்தனை ஆழம்? டிராயிங் கேட்டது 0.8 மில்லிமீட்டர். இருப்பது 0.8-ஆ, 0.6-ஆ? தெரிய வேண்டுமென்றால் ஒரு சக்கரத்தைக் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, மைக்ரோ ஹார்ட்னஸ் பார்க்க வேண்டும். வெட்டிய சக்கரம் ஸ்கிராப்புக்குப் போகும். வெட்டாத சக்கரங்கள் எப்படியிருக்கின்றன என்பது அப்போதும் ஊகம்தான்.

ஏமாற்ற ஆசை வருவதும் இங்கேதான். தோலின் ஆழம் உலையில் இருக்கும் நேரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே வளரும். அதாவது ஆழத்தில் கால்பங்கைக் குறைத்துக்கொண்டால், அந்தச் சூட்டில் வைத்திருக்கும் நேரத்தில் கிட்டத்தட்டப் பாதி மிச்சம். கரண்ட் மிச்சம், கேஸ் மிச்சம், அடுத்த லோடு சீக்கிரம் ஏறும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பில் பாஸாகி, பணம் கைமாறி, வண்டி ஓடி, பல மாதம் கழித்து ஏதோ ஓர் ஊரில் கியர் பல் பொரிந்து கொட்டும்போதுதான் தெரியும். அதற்குள் ஐந்து நட்சத்திரம் போட்டவர் போட்டு முடித்திருப்பார்.

பொருளாதார நிபுணர்கள் இந்த வகையறாவைப் பிரித்து வைத்து அரை நூற்றாண்டு ஆகிறது. வாங்கும் முன்பே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியது, வாங்கிப் பயன்படுத்தினால் தெரிவது என்று 1970-ல் பிலிப் நெல்சன் இரண்டாகப் பிரித்தார். பயன்படுத்திய பிறகும் சாமானியமாகத் தெரியாதது என்ற மூன்றாவது வகையை 1973-ல் டார்பியும் கார்னியும் சேர்த்தார்கள். பிரியாணி இரண்டாம் வகை. டீக்கடை, முடிவெட்டும் கடை, லாட்ஜ் எல்லாம் அதிலேயே அடங்கும். அவற்றுக்கு நட்சத்திரம் நன்றாகவே வேலை செய்கிறது. ஹீட் ட்ரீட்மென்ட் மூன்றாம் வகை. பல் வைத்தியர் 'இந்தப் பல்லுக்கு ரூட் கெனால் பண்ணணும்' என்பதும், மெக்கானிக் 'கிளட்ச் பிளேட் மாத்திட்டேன்' என்பதும் அதே வகை. இந்த மூன்றாம் வகைக்கு நட்சத்திரம் போடுகிறவர், தான் பார்த்ததற்குத்தான் போடுகிறார்: மரியாதையாகப் பேசினார், சொன்ன நேரத்தில் கொடுத்தார், விலை குறைவு. வேலை சரியா என்பது அவருக்கே தெரியாது.

கிருஷ்ணகிரி மாம்பழத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சீசனில் வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் பெட்டி பெட்டியாக ஆர்டர் எடுக்கிறார்கள். பழம் இனிப்பா, அழுகலா என்பதைப் பெட்டியைப் பிரித்தவர் சொல்லிவிடலாம். அதற்கு நட்சத்திரம் போதும். 'கார்பைடு கல் வைக்காதது' என்று பெட்டிமேல் ஒட்டியிருப்பதை எந்த வாடிக்கையாளர் சோதித்துப் பார்த்து நட்சத்திரம் போட்டார்? கால்சியம் கார்பைடு போட்டுப் பழுக்க வைப்பது உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது. அதைப் பிடிக்க அதிகாரியும் ஆய்வகமும் வேண்டும். ரிவ்யூ பிடிக்காது.

கேட்டுக்குள் ஒரு மார்க்

சரி, நட்சத்திரத்தை நம்பாத ஓசூர் எதை நம்பியது?

1970-களில் சிப்காட் இங்கே வந்தது. 40 கிலோமீட்டரில் பெங்களூரு, நடுவில் ஜூஜுவாடியும் அத்திப்பள்ளியும். 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் உற்பத்தியைத் தொடங்கின; அதே பத்தாண்டில் டைட்டன் கடிகாரம் வந்தது. பெரிய கம்பெனி ஒன்று வந்தால் அதைச் சுற்றி நூறு சின்னக் கம்பெனிகள் முளைக்கும். லேத் போட்டவர், பிரஸ் போட்டவர், பிளேட்டிங் டேங்க் வைத்தவர், பெயின்ட் பூத் வைத்தவர். இவர்களில் யார் நல்லவர் என்று முடிவு செய்ய பெரிய கம்பெனிகள் ஒரு முறை வைத்திருக்கின்றன. அதற்குப் பெயர் வெண்டர் ரேட்டிங்.

அதை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தால் நட்சத்திரத்தின் ஏழ்மை புரியும். தரத்துக்கு இத்தனை மார்க், டெலிவரிக்கு இத்தனை, புகார் கொடுத்தால் எத்தனை நாளில் பதில் வந்தது என்பதற்கு இத்தனை. தரம் என்றால் அபிப்பிராயம் கிடையாது, எண்ணிக்கை. பத்து லட்சம் பீஸுக்கு எத்தனை ரிஜெக்ட் என்று பிபிஎம் கணக்கு. டெலிவரி என்றால் ஷெட்யூலில் போட்ட தேதிக்கும் கேட்டில் வண்டி நுழைந்த தேதிக்கும் உள்ள வித்தியாசம். மார்க் குறைந்தால் விளக்கம் கேட்பார்கள். தொடர்ந்து குறைந்தால் அடுத்த மாடலுக்கு ஆர்டர் வராது. லைன் நின்றுபோனால், அதாவது உங்கள் பீஸ் வராததால் அசெம்பிளி லைன் காத்திருந்தால், அந்த மாதம் முழுக்க உங்கள் போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

வெட்டிப் பார்க்காமல் தெரியாத வேலைகளுக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். ஹீட் ட்ரீட்மென்ட், பிளேட்டிங், வெல்டிங் போன்றவற்றை 'ஸ்பெஷல் ப்ராசஸ்' என்று தனியே ஒதுக்கி, முடிந்த பொருளைச் சோதிப்பதோடு வேலை நடந்த விதத்தையும் சோதிக்கிறார்கள். உலையின் சூட்டு வரைபடம் எங்கே? தெர்மோகப்பிளை எப்போது சரிபார்த்தீர்கள்? லோடோடு சேர்த்துப் போட்ட சோதனைத் துண்டு எங்கே, அதை வெட்டிப் பார்த்த ரிப்போர்ட் எங்கே? வாகனத் துறையில் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கென்றே சிக்யூஐ-9 என்று ஒரு தணிக்கை முறை இருக்கிறது. டிவிஎஸ் மோட்டார் 2002-ல் டெமிங் பரிசு வாங்கியபோது அதன் பின்னால் நின்றதும் இப்படி எழுதி வைக்கும் பழக்கம்தான். மார்க் போடுகிறவருக்கு இதில் தன் சொந்த நஷ்டம் இருக்கிறது. தப்பான ஆளுக்கு நல்ல மார்க் போட்டால் அடி அவருக்கும் விழும். நட்சத்திரம் போடுகிறவருக்கு அப்படி எந்த நஷ்டமும் இல்லை.

குறை என்னவென்றால், இந்த மார்க் கேட்டுக்கு வெளியே வராது. பத்து பேர் வேலை செய்யும் ஒரு சின்னப் பட்டறைக்காரர் அதைப் பார்க்க முடியாது. அவருக்குக் கிடைப்பது, 'நாங்க பெரிய கம்பெனிக்கே பண்றோம் சார்' என்ற ஒரு வரி.

வாட்ஸ்அப் குரூப்பில் என்ன நடக்கிறது

அந்த ஒரு வரியைச் சோதிக்கத்தான் பட்டறைக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. 'அண்ணே, கேஸ் ஹார்டனிங் யார் நல்லா பண்ணுவாங்க? 500 பீஸ், அவசரம்' என்று போட்டால் சற்று நேரத்தில் மூன்று கான்டாக்ட் வந்து விழும். கூட ஒரு வார்த்தை இருக்காது. பெயரும் நம்பரும் மட்டும். யார் அனுப்பினார் என்பதுதான் அதில் செய்தி. இருபது வருஷம் கியர் வேலை செய்கிறவர் அனுப்பிய நம்பருக்கு இருக்கும் எடை, போன மாதம் குரூப்பில் சேர்ந்தவர் அனுப்பிய நம்பருக்குக் கிடையாது.

இதையே கணக்காக எழுதியவர்கள் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் கம்வார், ஷ்லோசர், கார்சியா மொலினா மூவரும் 2003-ல் ஐகன்டிரஸ்ட் என்ற முறையை வெளியிட்டார்கள். முகம் தெரியாத கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று ஃபைல் பரிமாறும்போது எதை நம்புவது என்பது பிரச்சினை. அவர்கள் சொன்ன வழி: ஒருவர் கொடுக்கும் சிபாரிசின் எடை, அவரை மற்றவர்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்பதைப் பொறுத்தது; மற்றவர்களின் எடையும் அப்படியே. கணக்கு எங்கோ தொடங்க வேண்டுமே? அதற்காக, முதலிலேயே நம்பத்தக்கவர்கள் என்று சிலரைக் குறித்து வைத்துக்கொண்டார்கள். ஓசூரில் அந்த முதல் சிலர், பெரிய கம்பெனிகளின் பர்ச்சேஸ், குவாலிட்டி பிரிவுகளில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து சொந்தப் பட்டறை போட்டவர்கள். யாருக்கு என்ன மார்க் என்பது அவர்கள் தலைக்குள் இருக்கிறது.

ஆனாலும் இந்தச் சங்கிலியை முழுசாக நம்ப நான் தயாரில்லை. பெரிய கம்பெனிக்கு நல்லபடி செய்கிறவர் உங்களுக்கும் நல்லபடி செய்வார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அங்கே தப்பு செய்தால் வருஷ ஆர்டர் போகும். உங்கள் 500 பீஸில் தப்பு செய்தால் ஒரு வாடிக்கையாளர் போவார், அவ்வளவுதான். உலையில் ஓரமாக இடம் இருக்கும்போது உங்கள் டிரே உள்ளே போகும். அதனால் 'யாருக்குப் பண்றீங்க' என்று கேட்பதைவிட, 'எங்க சைஸ் ஆளுங்க யாருக்குப் பண்றீங்க, அவங்க நம்பர் குடுங்க' என்று கேட்பதே மேல்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். குரூப்பில் யாரும் யாரையும் மோசம் என்று எழுதுவதில்லை. நாளைக்கு அதே ஆளிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். அவர் மச்சான் அதே குரூப்பில் இருப்பார். நல்லது குரூப்பில் வரும், கெட்டது போனில் வரும். 'அவரா... பரவால்ல, ஆனா நீங்க கூட இருந்து பாத்துக்கணும்' என்று யாராவது போனில் இழுத்தால் வேலையைக் கொடுக்காதீர்கள். அந்தப் போன் யாருக்குக் கிடைக்கும் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஊர் இது. தெலுங்குக்காரர் வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம், அடுத்த ஷெட்டில் இருக்கும் தமிழ்க்காரருக்கு வந்து சேர ஆறு மாதம் ஆகலாம்.

நட்சத்திரம் விற்கிறார்கள்

எந்த வட்டத்திலும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? வெளி மாவட்டங்களிலிருந்தும் ஜார்க்கண்ட் போன்ற வெளி மாநிலங்களிலிருந்தும் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளுக்கு வரும் இளம் பெண்கள் ஹாஸ்டல் தேடுகிறார்கள். புதிதாகக் குடிவந்த குடும்பம் டாக்டர் தேடுகிறது. இவர்களுக்கு அண்ணன் இல்லை, குரூப் இல்லை. இருப்பது நட்சத்திரம் ஒன்றுதான். அதனால்தான் அது கெட்டுப்போவது கவலை தருகிறது.

கெட்டுத்தான் போயிருக்கிறது. 2015-ல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏர்பிஎன்பி தளத்தில் உள்ள வாடகை வீடுகளைப் பார்த்தபோது, கிட்டத்தட்ட 95 சதவீதம் வீடுகளுக்கு நாலரை அல்லது ஐந்து நட்சத்திரம். எல்லோரும் முதல் ரேங்க் என்றால் ரேங்க் எதற்கு? 2023-ல் மட்டும் 17 கோடிக்கும் அதிகமான ரிவ்யூக்களை விதிமீறல் என்று நீக்கியதாக, அல்லது தடுத்ததாக, கூகுளே அறிவித்தது. நம் நாட்டில் 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. ரிவ்யூ எழுதுகிறவர் யார் என்று சரிபார்க்க வேண்டும், காசு கொடுத்து வாங்கிய ரிவ்யூவைப் போடக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. விரும்பினால் பின்பற்றலாம் என்ற நிலையிலேயே அது வந்தது.

ரிவ்யூ எழுதுவதே இப்போது தூண்டில் ஆகிவிட்டது. ஷிஃப்ட் முடிந்து ரூமில் படுத்திருக்கும் பையனுக்கு டெலிகிராமில் ஒரு செய்தி வரும்: பார்ட் டைம் வேலை, கூகுள் மேப்பில் ஏதோ ஒரு ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் 50 ரூபாய். அனுப்புவான், 50 ரூபாய் நிஜமாகவே வரும். நம்பிக்கை வந்த பிறகு 'பிரீபெய்டு டாஸ்க்' ஆரம்பம். ஆயிரம் கட்டு, பத்தாயிரம் கட்டு, பணத்தை எடுக்க இன்னும் கட்டு. இப்படிப் பகுதிநேர வேலை மோசடி நடத்திய நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை 2023 டிசம்பரில் மத்திய அரசு முடக்கியது. பையன் சம்பளத்தை இழந்தான். அவன் போட்ட ஐந்து நட்சத்திரத்தைப் பார்த்து ரூம் போட்டவர் தூக்கத்தை இழந்திருப்பார். சிக்கியவர்கள் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

நட்சத்திரத்தை முற்றாகத் தூக்கிப் போடவும் முடியாது. இபே தளத்தில் பழைய தபால் அட்டைகளை விற்ற ஒருவரை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. ஒரே மாதிரி அட்டைகளை நல்ல பெயர் எடுத்த தன் பழைய கணக்கிலும், புதிதாகத் தொடங்கிய கணக்குகளிலும் அவர் விற்றார். பழைய பெயருக்கு வாங்குகிறவர்கள் சுமார் 8 சதவீதம் கூடுதல் விலை கொடுத்தார்கள். பெயருக்கு விலை உண்டு. பெயர் கெட்டால் பைசா செலவில்லாமல் புதுப் பெயர் எடுத்துக்கொள்ள முடிகிற இடத்தில்தான் அந்த விலை செல்லாக்காசாகிறது. இதை ஃப்ரீட்மனும் ரெஸ்னிக்கும் 2001-லேயே எழுதினார்கள். கூகுளில் ஒரு பெயரை மூடிவிட்டு இன்னொன்றைத் திறக்கக் காசு வேண்டாம். ஒரு சிம் கார்டு போதும்.

பதினைந்து எழுத்து

ஆனால் மாற்றிக்கொள்ளச் சிரமமான ஒரு பெயர் ஒவ்வொரு பட்டறைக்கும் இருக்கிறது. பில்லின் மேலே சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும் ஜிஎஸ்டி நம்பர்.

பதினைந்து எழுத்து. முதல் இரண்டு மாநிலம்: ஓசூர் என்றால் தமிழ்நாட்டின் 33, அத்திப்பள்ளி என்றால் கர்நாடகத்தின் 29. அடுத்த பத்து, பான் நம்பர். எல்லையின் இந்தப் பக்கம் ஒரு ஷெட்டும் அந்தப் பக்கம் ஒரு ஷெட்டும் வேறு வேறு பெயரில் வைத்திருந்தாலும், ஒரே பான் என்றால் நடுவில் உள்ள பத்து எழுத்து ஒன்றேதான். இந்த எல்லையில் தொழில் செய்கிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள அடையாளம் கிடையாது.

ஜிஎஸ்டி இணையதளத்தில் 'சர்ச் டாக்ஸ்பேயர்' பகுதியில் அந்த நம்பரைப் போட்டுப் பாருங்கள். பதிவு செய்த தேதி வரும், சட்டப்படியான பெயர் வரும், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்று வரும். 'ஃபைலிங் டேபிள்' என்பதைத் தட்டினால் எந்த மாதக் கணக்கை எந்தத் தேதியில் தாக்கல் செய்தார் என்று வரிசையாக விரியும். மாதாமாதம் ஒரே தேதியை ஒட்டித் தாக்கல் செய்த வரிசை ஒரு கதை சொல்லும். நான்கு மாதம் வெற்றாகக் கிடந்து, பிறகு ஒரே நாளில் நான்கையும் தாக்கல் செய்த வரிசை வேறொரு கதை சொல்லும். பில் போட்டவர் கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் உங்களுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது என்பதால் உங்கள் ஆடிட்டர் இதை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருப்பார். வேலை கொடுத்த பின் அவர் பார்ப்பதை, கொடுக்கும் முன் நீங்கள் பாருங்கள்.

இதிலும் போலி உண்டு. 2023 மே முதல் ஜூலை வரை நாடு முழுக்க நடந்த சோதனையில், பதிவு இருந்தும் ஆளே இல்லாத 21,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. ஆகவே நம்பர் இருப்பதே நற்சான்று ஆகாது; எத்தனை வருஷமாக இடைவிடாமல் கணக்கு தாக்கலாகி வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். உலைக்குள் என்ன நடக்கிறது என்பதை ஜிஎஸ்டி சொல்லாது என்பதும் உண்மை. அதற்குச் சூட்டு வரைபடத்தையும் வெட்டிப் பார்த்த ரிப்போர்ட்டையும் கேட்டே ஆக வேண்டும். கேட்டதும் முகம் சுளிக்கிறவரிடம் கொடுக்காமல் திரும்பி வந்துவிடலாம்.

இதுவரை வேலை கொடுக்கிறவர் பக்கம் நின்றே பேசினோம். வேலை எடுக்கிறவரும் ஆள் பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் வாங்குகிறவருக்கு யார் மார்க் போடுகிறார்கள்? குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006-லேயே, அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி என்று சொல்லிவிட்டது. 2017 அக்டோபரில் புகார் கொடுக்க 'சமாதான்' தளம் வந்தது. 2023 நிதிச் சட்டம் 43பி(எச்) பிரிவைக் கொண்டுவந்து, குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்தில் பணம் கொடுக்காவிட்டால் கொடுக்கும்வரை அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்றது. சட்டம் இத்தனை இருந்தும், இருக்கும் ஒரே பெரிய வாடிக்கையாளர்மீது புகார் எழுத எந்தச் சின்னப் பட்டறைக்கு மனசு வரும்? யார் 30 நாளில் கொடுக்கிறார், யார் 120 நாள் இழுத்தடிக்கிறார் என்பது சிப்காட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்கும் எழுதப்பட்டிருக்காது.

புகார் கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் இதை எழுதி வைக்க ஒரு சங்கத்தால் முடியும். உறுப்பினர்கள் தங்கள் பில் தேதியையும் பணம் வந்த தேதியையும் கொடுத்தால் போதும். அபிப்பிராயம் வேண்டாம், நட்சத்திரம் வேண்டாம். ஒவ்வொரு வாங்குபவருக்கும் சராசரி எத்தனை நாள் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டலாம். ஓசூரில் சிறு, குறுந்தொழில்களுக்கென்று ஹோஸ்டியா சங்கம் இருக்கிறது. அது இந்தப் பட்டியலை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.